மூத்தவள் உணவும் இளையவன் காவலும்
பரவைக் காய்கறிச் சந்தையில் விடியுமுன்னரே வேலை தொடங்கிவிடும். அங்குக் கூலிக்குச் செல்லும் தாய்க்குப் பிள்ளைகள் இருவரெனில், மூத்தவளைப் பற்றிய செலவு சற்றே குறைந்துள்ளது. 1982 ஜூலை முதல் நாள் தோன்றிய சத்துணவுத் திட்டம் நண்பகல் பசியை ஆற்றியது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கப்பெற்று, மறு ஆண்டில் மாநிலமெங்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரை பயில்வோர்க்கு உரியது.

இளையவன் அங்கன்வாடிப் பிள்ளை. அங்கன்வாடி திறக்குமுன்பே தாய் சந்தைக்குச் சென்றிருப்பாள். ஐம்பது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைக் காப்பகம் அமைத்திட வேண்டுமென 2017 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் விதித்தது. நாளொரு கடையில் மூட்டை பிரிப்பவளுக்கு எது நிறுவனம்? ஆகவே தம்பிக்குக் காவலாக மூத்தவள் வீட்டில் நிற்கிறாள். அவனை விட்டுவிட்டு அவள் பள்ளி சேர்வதற்குள் காலை உணவு வேளை கடந்துவிடுகிறது.