பண்டகசாலையில் மிஞ்சிய அடிகள்

அடுக்களையில் உப்புப் போத்தல் அடுப்பருகே இருக்கிறது. கலியாணம், திவசம் வந்தால் மட்டும் தேவைப்படும் பெரிய கிடாரமோ பரணில் ஏறிவிடுகிறது. இதனை எந்த இல்லத்தரசிக்கும் ஒருவரும் கற்பித்ததில்லை. பெரும் பண்டகசாலைகளை நடத்துவோர் இதே உண்மையைக் கணக்குப் போட்டுத்தான் கற்றனர் என்று அறியும்போது எமக்குச் சிரிப்பு வருகிறது.

வாடிக்கையாளர் அனுப்பிய பட்டியலைக் கையிலேந்தி, இறாக்கை இறாக்கையாகச் சென்று பொருள்களை எடுத்துச் சேர்ப்பதே பண்டகசாலை வேலைகளுள் அதிகச் செலவு பிடிப்பது. அதிலும் எடுக்கும் நேரம் சொற்பம். நடக்கும் நேரமே பெரிது. ஆதலால், அடிக்கடி கேட்கப்படும் பொருளை வாயிலருகே கைக்கெட்டும் உயரத்தில் வைப்பதும், பல பட்டியல்களை ஒரே நடையில் முடிப்பதும் பழகிப்போன உபாயங்கள். எவ்வழியாகச் சென்றால் நடை மிகக் குறையும் என்பதற்கும் ராட்லிஃப், ரோசந்தால் என்னும் இருவர் 1983 ஆம் ஆண்டில் ஒரு கணக்குமுறையை வெளியிட்டனர். ஆயினும், ஒரு சந்தில் நுழைந்து மறுமுனையால் வெளியேறி அடுத்த சந்தில் திரும்பும் பாம்பு நடை இன்னும் மறைந்துவிடவில்லை. தூரம் சற்றுக் கூடினாலும் வழி தடுமாறாது அல்லவா?

இந்த நடையையே ஒழித்துவிட எண்ணியவர் அமெரிக்கரான மிக் மவுண்ட்ஸ். வீடுகளுக்குப் பலசரக்கு அனுப்பி வந்த வெப்வான் என்னும் நிறுவனத்தில் அவர் பணியாற்றியிருந்தார். அந்நிறுவனம் 2001 ஆம் ஆண்டில் முறிந்தது. பட்டியல்களை நிறைவேற்ற ஆகும் செலவின் பாரத்தை அங்கே நேரில் கண்ட அவர், மனிதன் பொருளைத் தேடிச் செல்வதை விடுத்து, பொருளே மனிதனைத் தேடி வரச் செய்ய முனைந்தார். 2003 இல் கிவா நிறுவனம் பிறந்தது. அதன் குட்டையான செம்மஞ்சள் நிற யந்திரம் இறாக்கையின் கீழே நுழைகிறது; இறாக்கையை முழுதாகத் தூக்குகிறது; தரையில் ஒட்டிய அடையாளங்களைப் படித்தபடி ஊர்ந்து, ஓரிடத்தில் நிற்கும் தொழிலாளியின் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. 2012 இல் அமேசன் நிறுவனம் 77.5 கோடி டொலர் கொடுத்துக் கிவாவை வாங்கிற்று.

கால்கள் இளைப்பாறின. கைகளோ? நடை நீங்கியபோது, ஒரு பொருளுக்கும் அடுத்த பொருளுக்கும் இடையே கிடைத்த சிறு ஓய்வும் உடன் நீங்கியது. நின்ற இடத்திலேயே குனிந்து, நிமிர்ந்து, கை நீட்டி, ஒரே அசைவை நாள் முழுதும் செய்ய வேண்டியதாயிற்று. மணிக்கு இத்தனை என்ற அளவும் உயர்ந்தது. மிஞ்சிய அடிகளின் பலன் யாரைச் சேர்ந்தது என்று நாம் கேளாதிருக்க முடியவில்லை.

கலிபோர்னியா மாநிலமும் அக்கேள்வியை எழுப்பியது. 2021 இல் அங்கு நிறைவேறிய சட்டம் 2022 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. தொழிலாளிக்கு விதிக்கும் அளவைப் பெரிய பண்டகசாலைகள் அவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். உணவு வேளையையும், இளைப்பாறும் வேளையையும், மலசலகூடம் சென்று வரும் நேரத்தையும் பறிக்கும் அளவு எதுவும் அங்கே செல்லாது.