இடம் மாறிய நொதி

மனித மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் டிஎன்ஏ உண்டு. அதை வைத்து 13 புரதங்களைத்தான் அதனால் தயாரித்துக்கொள்ள முடியும். மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வெளியே சைட்டோபிளாசத்தில் உருவாகி வந்துசேர்கின்றன. உள்ளறை வரை போகவேண்டியவை இரண்டு சவ்வுகளைத் தாண்டியாக வேண்டும்.

போகவேண்டிய முகவரியைப் புரதம் தன்னிடமே வைத்திருக்கிறது. இதைக் கண்டறிந்த குந்தர் புளோபெல் 1999இல் நோபல் பரிசு பெற்றார். மைட்டோகாண்ட்ரியாவுக்குச் செல்லும் பெரும்பாலான புரதங்களில், சங்கிலியின் தொடக்கத்திலுள்ள சில அமினோ அமிலங்களே முகவரி. அவற்றில் நேர்மின்னூட்டம் கொண்டவை அதிகம். வெளிச்சவ்வில் ‘டாம்’, உட்சவ்வில் ‘டிம்’ என்ற புரதக் கூட்டங்கள் வாயில்களாக நிற்கின்றன. உட்சவ்வுக்கு உள்ளே எதிர்மின்னழுத்தம் இருப்பதால், சங்கிலியின் நேர்மின் முனை தானாக உள்ளே இழுபடுகிறது. மிச்சத்தை, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து மற்றொரு புரதம் இழுத்துக்கொள்கிறது. உள்ளே வந்ததும் முகவரி வெட்டி நீக்கப்படும்.

ஆனால் முகவரி மட்டும் போதாது. 1986இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மார்ட்டின் ஐலர்ஸும் கோட்ஃப்ரீட் ஷாட்ஸும் ஓர் அழகான சோதனை செய்தார்கள். டிஎச்எஃப்ஆர் என்ற நொதியின் முன்னால் மைட்டோகாண்ட்ரிய முகவரியை ஒட்டினார்கள். நொதி உள்ளே போனது. பிறகு, அந்த நொதியை இறுகப் பற்றி அதன் மடிப்பு அவிழாமல் தடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைச் சேர்த்தார்கள். நுழைவு நின்றுவிட்டது. மடிப்பு அவிழ்ந்தால்தான் அந்தக் குறுகலான வாயிலில் வழி.

செல்லின் மற்றொரு நுண்ணுறுப்பான பெராக்சிசோம் இதற்கு நேர்மாறானது. முழுதாக மடிந்த புரதங்களையும் அது உள்ளே விடும்.

இந்த வேறுபாடு ஆராய்ச்சிக்கூடத்தோடு முடிந்துவிடுவதில்லை; ஒரு குழந்தையின் சிறுநீரகத்தையே அது அழிக்கக்கூடும். நம் கல்லீரலில் ஏஜிடி என்ற நொதி பெராக்சிசோமில் இருந்துகொண்டு கிளையாக்சிலேட்டைக் கிளைசினாக மாற்றுகிறது. சிலருக்கு இதன் அமினோ அமிலச் சங்கிலியில் 11ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் லியூசின் இருக்கும். அதனால் வலுவற்ற மைட்டோகாண்ட்ரிய முகவரி ஒன்று உருவாகிவிடும். நொதி சீக்கிரம் மடிந்துவிடுவதால், இது மட்டும் இருந்தால் பெரிய பாதிப்பில்லை. இதனுடன் 170ஆம் இடத்தில் கிளைசின் ஆர்ஜினினாக மாறும்போது மடிவது தாமதமாகிறது. அந்த இடைவெளியில் மைட்டோகாண்ட்ரியா நொதியை இழுத்துக்கொள்கிறது. இந்த வகை நோயாளிகளில் சுமார் 90 சதவீத ஏஜிடி அங்கேதான் கிடக்கிறது என்று கிறிஸ்டோபர் டான்பியூரின் குழு 1989இல் காட்டியது.

நொதிக்கு வேலை செய்யும் திறன் இருக்கிறது. வேலை இருக்கும் இடத்தில் அது இல்லை. கிளையாக்சிலேட் ஆக்சலேட்டாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் கல்லாகப் படிகிறது. கொடிய பரம்பரை நோய் இது. ஆனாலும் இந்த மாற்றமுள்ள பலருக்கு வைட்டமின் பி6 கொடுத்தால் ஆக்சலேட் குறைகிறது. அந்த வைட்டமின் நொதியோடு சேர்ந்து அது சரியாக மடிய உதவுகிறது. மடிந்த நொதியில் கூடுதல் பங்கு பெராக்சிசோமுக்குப் போய்ச்சேர்கிறது.