கிரைண்டர் முனையில் ஒரு கேம்ஷாஃப்ட்

வால்வு எங்கே என்று மட்டும் இங்கே கேட்டுவிடாதீர்கள், பட்டறையே சிரிக்கும். மேசைமேல் பிரிந்து கிடப்பது மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி ரோட்டரி இன்ஜின். இதில் வால்வு கிடையாது, கேம்ஷாஃப்ட் கிடையாது, டைமிங் செயின் கிடையாது, பிஸ்டனே கிடையாது! இருப்பவை பக்கங்கள் புடைத்த இரண்டு முக்கோண ரோட்டர்கள். ஜப்பானியர்கள் இவற்றைச் செல்லமாகச் சோற்று உருண்டை என்பார்கள். ஒன்று 654 சி.சி., இரண்டும் சேர்ந்தால் 1308. கணக்குப்படி பார்த்தால் சின்னக் கார் இன்ஜின்தான். ஆனால் இதே இரண்டு உருண்டைகளிலிருந்து 500 குதிரைத்திறனைக் கறந்துவிட்டு, "இது தெருவில் ஓட்டுகிற கார்தானே" என்று சாதாரணமாகச் சொல்லும் கூட்டம் இது.

அந்த ரகசியத்தின் பாதி, ரோட்டரின் இருபுறமும் மூடும் இரும்புத் தட்டுகளில் இருக்கிறது. அவற்றில் உள்ள ஓட்டைகள்தான் காற்று நுழையும் போர்ட்டுகள். ரோட்டர் சுழலும்போது அதன் பக்கவாட்டு முகமே ஓட்டையை மூடும், திறக்கும். அப்படியென்றால் ஓட்டையின் விளிம்பு எங்கே இருக்கிறதோ அதுதான் டைமிங். மற்ற இன்ஜின்காரர்கள் வேறு கேம்ஷாஃப்ட் வாங்கி மாட்டுவார்கள். இங்கே கிரைண்டரை எடுத்து விளிம்பைத் தேய்க்க வேண்டியதுதான்!

தட்டில் நீல மை பூசுகிறார்கள். தகட்டில் வெட்டிய அச்சை வைத்து, கூரிய முனையால் கோடு கீறுகிறார்கள். பிறகு கார்பைடு முனை சுழலும் சத்தம், இரும்புத்தூள், முகமூடி, கொஞ்சம் நெஞ்சுத் துடிப்பு. தேய்த்த இரும்பு திரும்பி வராதே! மேல் விளிம்பை உயர்த்தினால் போர்ட் தாமதமாக மூடும். அதிக வேகத்தில் கூடுதல் காற்று உள்ளே வரும், ஆனால் குறைந்த வேகத்தில் இழுவை போகும். ஆசைப்பட்டு எங்கும் தேய்க்கவும் முடியாது. உள்பக்கம் ஆயில் வளையம் ஓடும் பாதை, வெளிப்பக்கம் தண்ணீர் கசியாமல் காக்கும் ரப்பர் வளையம். நடுவில் ரோட்டரின் மூலையிலுள்ள கார்னர் சீல் வழுக்கிப்போகத் தரை வேண்டும். அந்தத் தரையை எடுத்துவிட்டால் சீல் போர்ட்டுக்குள் தடுக்கி விழும், கதை முடிந்தது.

இந்த எல்லைகளுக்குள் நின்று பெரிதாக்குவது ஸ்ட்ரீட் போர்ட். அடங்காதவர்கள் செய்வது பிரிட்ஜ் போர்ட்! கார்னர் சீல் ஓட ஒரு மெல்லிய இரும்புப் பாலத்தை விட்டுவிட்டு, அதற்கு வெளியே பிறை வடிவில் இன்னொரு வாயைத் திறக்கிறார்கள். இந்தப் பிறை மிகச் சீக்கிரமே திறந்துகொள்ளும். அங்கேதான் இந்தப் பட்டறையின் மொத்த வாக்குவாதமும் ஆரம்பிக்கிறது. ஓவர்லாப்!

1991-இல் வந்த எஃப்டி மாடல் ஆர்எக்ஸ்-7-இன் இரண்டாம்நிலை இன்டேக் போர்ட் உச்சப்புள்ளி தாண்டி 32 டிகிரியில் திறக்கும். எக்ஸாஸ்ட் 48 டிகிரியில் மூடும். நடுவில் 16 டிகிரிக்கு உள்ளே வரும் வாசலும் வெளியே போகும் வாசலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். பிரிட்ஜ் போர்ட் இந்த இடைவெளியைப் பல மடங்கு நீட்டிவிடும். ஐட்லிங்கில் எரிந்த புகை இன்டேக் பக்கம் எகிறிக் கலந்து, ஒரு சுற்றில் தீப்பிடிக்காது, அடுத்த சுற்றில் சேர்த்துப் பிடிக்கும். பிராப்... பிராப்... பிராப்! ரசிகர்கள் மயங்கிக் கிடக்கும் அந்தச் சங்கீதம், உண்மையில் பாதிப் பட்டினியில் திணறும் இன்ஜினின் சத்தம்தான். எனக்கும் அது பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

சரி, டர்போ எங்கே வருகிறது? ரோட்டரியும் டர்போவும் ஜாதகப் பொருத்தம் பார்த்துச் சேர்ந்த ஜோடி. எக்ஸாஸ்டில் வால்வு இல்லாததால் போர்ட் சட்டென்று திறந்து, சூடான வாயு அடியாகப் பாயும். நீண்டு ஒடுங்கிய எரிஅறையில் தீ முழுதாக அடங்குவதற்குள்ளேயே வெளியேறுவதால் கொதிப்பும் அதிகம். டர்போவின் டர்பைன் குஷியாகச் சுற்றும். எக்ஸாஸ்ட் போர்ட்டை இன்னும் சீக்கிரம் திறக்க வைத்தால் அந்த அடி இன்னும் பலமாகும்.

ஆனால் பிரிட்ஜ் போர்ட் வெட்டிய இன்ஜினில் சின்ன டர்போ மாட்டினால் வேடிக்கை பாருங்கள். சின்ன டர்பைன் புகையை நெரிக்கும். எக்ஸாஸ்ட் பக்க அழுத்தம், டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தமான பூஸ்டைவிட ஏறிவிடும். இரண்டு வாசலும் திறந்திருக்கும் அந்த நேரத்தில் புகை என்ன செய்யும்? அழுத்தம் குறைந்த பக்கம், அதாவது இன்டேக்குக்குள் திரும்பி ஓடும்! புதுக் காற்றின் இடத்தைப் புகை பிடித்துக்கொள்ள, கஷ்டப்பட்டு வெட்டிய பிறை நமக்கே எதிரியாகிவிடும். தாராளமாக மூச்சுவிடும் பெரிய டர்போ என்றால் கதை தலைகீழ். பூஸ்ட் மேலோங்கி நின்று, மிச்சப் புகையைப் புதுக் காற்றே தள்ளி வெளியேற்றும். ஆகவே போர்ட்டை முதலில் வெட்டிவிட்டு டர்போவைப் பிறகு பார்ப்போம் என்பவரிடம் நான் சாவியைக் கொடுக்கமாட்டேன். இரண்டும் ஒரே தாளில் ஒரே நாளில் வரைய வேண்டியவை.

அதனால்தான் கம்பெனி கொடுத்த இரட்டை டர்போவைப் பலர் கழற்றி ஓரமாக வைக்கிறார்கள். குறைந்த வேகத்துக்கு ஒன்று, ஏறத்தாழ 4,500 சுற்றில் இரண்டாவதும் சேரும் அந்த ஏற்பாடு, புத்திசாலித்தனத்தின் உச்சம். அதை இயக்கும் வாக்குவம் குழாய்களைப் பார்த்தால் தலை சுற்றும்! பெரிய ஒற்றை டர்போ வந்ததும் அந்தக் காடு முழுக்கக் குப்பைத்தொட்டிக்குப் போகிறது. கூடவே கீழ்வேக இழுவையும் கொஞ்சம் போகும், அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

மாஸ்டாவோ நேரெதிர் திசையில் போனது. 2003-இல் ஆர்எக்ஸ்-8-க்குச் செய்த ரெனிசிஸ் இன்ஜினில் எக்ஸாஸ்டையும் பக்கவாட்டுத் தட்டுக்கு மாற்றி ஓவர்லாப்பையே ஒழித்தது. புகை குறைந்தது, ஐட்லிங் சமர்த்தானது. அதே மாஸ்டா 1991-இல் லெ மான்ஸ் ஜெயித்த 787பி-யில், இன்டேக் போர்ட்டை ரோட்டரைச் சூழும் சுற்றுச்சுவரிலேயே திறந்து ஓவர்லாப்பில் குளித்தது. நான்கு ரோட்டர், 700 குதிரைத்திறன், டர்போ கிடையவே கிடையாது!

எல்லாம் பூட்டியாயிற்று. இப்போது திறனை அளக்கும் டைனோ. இங்கே சிரிப்புச் சத்தம் குறைகிறது. ரோட்டர் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீலின் தடிமன் வெறும் 2 மில்லிமீட்டர். பூஸ்ட் ஏறும்போது கலவை தானாக வெடிக்கும் நாக்கிங் ஒரு முறை வந்தால் போதும், அது உடைந்து எக்ஸாஸ்ட் வழியாகப் பாய்ந்து டர்பைனையும் கடித்துவிட்டுப் போகும். எனவே பெட்ரோலைத் தாராளமாக ஊற்றி, தீப்பொறியைத் தாமதப்படுத்தி, பூஸ்டைப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். வரைபடம் மேலேற ஏற ஒருவர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. இன்னொருவர் சீலுக்கு எண்ணெய்ப்பசை போதாது என்று, பெட்ரோல் டேங்க்கைத் திறந்து டூ-ஸ்ட்ரோக் ஆயிலை ஊற்றிக்கொண்டிருக்கிறார்.