கண்ணுக்குத் தெரியாத வேலையை விற்பது எப்படி?

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் கடைப் போன் ஓயாது. திருச்சியில் ஏ.சி., ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிற சின்னக் கடை எங்களுடையது. ஏணியும் டூல் பையுமாக என் கணவர் ஒரு பக்கம் போவார். திருவெறும்பூர் ஐடிஐ-யில் படித்த பையன்கள் இருவர் வேறு பக்கம் போவார்கள். போன் எடுப்பது, யார் வீட்டுக்கு யார் எப்போது என்று பிரித்துவிடுவது, பில் போடுவது, திட்டு வாங்குவது எல்லாம் என் பொறுப்பு.

புதிதாகக் கடை போடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன விளம்பரம் பண்றீங்கக்கா?" என்பதுதான். நோட்டீஸ் அடித்திருக்கிறோம், பேப்பரோடு வைத்து அனுப்பியிருக்கிறோம், ஆட்டோவின் முதுகில் ஒட்டியிருக்கிறோம். அதைப் பார்த்து ஆட்கள் கூப்பிட்டதும் உண்டு. ஆனால் ஒரு தடவை கூப்பிட்டவர் அடுத்த கோடையிலும் நம்மையே கூப்பிடுவாரா என்பதை நோட்டீஸ் தீர்மானிப்பதில்லை. எங்கள் தொழிலில் காசு அந்த இரண்டாவது போனில்தான் இருக்கிறது.

"கேஸ் இல்ல சார்"

இட்லி எப்படி என்று வாயில் வைத்தால் தெரியும். ஜாக்கெட் சரியாகத் தைத்திருக்கிறதா என்று போட்டுப் பார்த்தால் தெரியும். ஏ.சி. ரிப்பேர் அப்படியில்லை. மெக்கானிக் மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட்டைத் திறந்து அரை மணி நேரம் என்னவோ செய்கிறார். இறங்கி வந்து, "கேஸ் தீர்ந்துபோச்சு சார், போட்டுட்டேன்" என்று ஒரு தொகையைச் சொல்கிறார். கேஸ் குறைந்திருந்ததா, போட்டாரா, எவ்வளவு போட்டார் என்று வீட்டுக்காரருக்குத் தெரிய வழியே இல்லை. காசு கொடுத்த பிறகும் தெரியாது.

ஏமாற்றுகிறவர்கள் பிழைப்பது இந்த இடத்தில்தான். ஏ.சி.யில் இருக்கும் கேஸ், பெட்ரோல்போல ஓட ஓடத் தீர்கிற சரக்கு இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் போட்டதும் வெளியே போய்விடும். கூலிங் இல்லை என்று வரும் போன்களில் பல, கேஸுக்குச் சம்பந்தமே இல்லாதவை. ஃபில்டரில் தூசி அடைத்திருக்கும். அவுட்டோர் காயிலில் அழுக்கு அப்பியிருக்கும். கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கும். அது சில நூறு ரூபாய்ப் பொருள். அதைச் சொல்லாமல் கம்ப்ரஸரே போய்விட்டது என்று பல ஆயிரத்துக்குக் கணக்குச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே எங்களைக் கூப்பிடுகிறவர் பாதிச் சந்தேகத்தோடுதான் கூப்பிடுகிறார். ஏற்கெனவே எங்கோ ஏமாந்திருப்பார், அல்லது ஏமாந்தவர் கதையைக் கேட்டிருப்பார். அந்தச் சந்தேகத்தை நாங்கள் உண்டாக்கவில்லை. ஆனால் அதைத் தீர்க்க வேண்டியது எங்கள் வேலை.

எடை மெஷின்தான் எங்கள் விளம்பரம்

இப்போது வருகிற ஏ.சி.களில் பெரும்பாலும் ஆர்-32 கேஸ். பழைய ஏ.சி.களில் ஆர்-22. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் ஆர்-22ஐ 2030க்குள் கைவிட மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்கீழ் இந்தியா ஒப்புக்கொண்டிருக்கிறது. எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று அவுட்டோர் யூனிட்டின் லேபிளிலேயே அச்சிட்டிருப்பார்கள். கேஸை எடைபோட்டு ஏற்றுவதுதான் முறை.

என் கணவர் எடை மெஷினை எப்போதும் கொண்டுபோவார். வீட்டுக்காரரை மாடிக்கு அழைத்து லேபிளைப் படித்துக் காட்டுவார். சிலிண்டரைத் தராசில் வைத்து, ஏற்றுவதற்கு முன் என்ன எடை, ஏற்றிய பின் என்ன எடை என்று அவரையே பார்க்கச் சொல்வார். வயதானவர்களால் படி ஏற முடியாது. அவர்களுக்கு இரண்டு எடையையும் போட்டோ எடுத்துக் காட்டுவோம். அதற்கு முன்பே, எங்கே கசிகிறது என்று குழாய் இணைப்பில் சோப்பு நுரை தடவிக் காட்டிவிடுவோம். குமிழி வருவதைக் கண்ணால் பார்த்த மனிதர் பில்லைப் பார்த்துப் பேரம் பேசுவது குறைவு.

மாற்றிய பழைய கெப்பாசிட்டரை அவர் கையிலேயே கொடுத்துவிடுவோம். "இதை வெச்சு நான் என்னம்மா பண்றது?" என்று சிரிப்பார்கள். ஒன்றும் பண்ண வேண்டாம், மாற்றினோம் என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். வேலை முடிந்ததும் கட்டிலில் விழுந்த தூசியைத் துடைத்து, நகர்த்திய நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டுவிட்டு வர வேண்டும் என்பதும் கடைச் சட்டம். குழாய்க்குள் செய்த வேலையை அந்த வீட்டம்மாவால் பார்க்க முடியாது. துடைத்த கட்டிலை வைத்துத்தான் அதை எடைபோடுவார்.

32 எங்கே, 11 எங்கே

பி.காம். படித்தபோது எங்களுக்குச் சேவைத் துறை மார்க்கெட்டிங் என்று ஒரு பாடம் உண்டு. சென்னை ஐஐடி-யில் பொறியியலும் அகமதாபாத் ஐஐஎம்-மில் நிர்வாகமும் படித்து, அமெரிக்காவில் பேராசிரியரான ஏ.பரசுராமன் அந்தத் துறையில் பெரிய பெயர். வேலரி ஸைதாமல், லியோனார்ட் பெரி என்ற இருவரோடு சேர்ந்து, சேவையின் தரத்தை வாடிக்கையாளர் எப்படி அளக்கிறார் என்று ஆராய்ந்தார். 1988இல் இவர்கள் வெளியிட்ட 'செர்வ்குவால்' அளவுகோலில் ஐந்து அம்சங்கள்: சொன்னதைச் சொன்னபடி செய்வது, கூப்பிட்டதும் கவனிப்பது, வேலை தெரிந்தவர் என்ற நம்பிக்கையைத் தருவது, அவரவர் நிலைமையைப் புரிந்து நடப்பது, கண்ணில் படுகிற கடை, உடை, கருவிகள்.

அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களுடைய வாடிக்கையாளர்களிடம் 100 மதிப்பெண்ணை இந்த ஐந்துக்கும் பிரித்துக் கொடுக்கச் சொன்னார்கள். முடிவு 1990இல் புத்தகமாக வந்தது. சொன்னபடி செய்வதற்கு 32. கண்ணில் படுகிற பகட்டுக்கு 11. நம் ஊர்ச் சின்னக் கடைக்காரர்கள் கையில் காசு வந்ததும் முதலில் போர்டை மாற்றுவார்கள், கண்ணாடிக் கதவு போடுவார்கள். 11 மார்க் கேள்விக்கு மாங்கு மாங்கென்று எழுதிவிட்டு 32 மார்க் கேள்வியைத் தொடாமல் விடுகிறவர்கள் நம்மில் நிறைய.

வருகிறேன் என்று சொல்லி வராதவர்

எங்கள் தொழிலில் அந்த 32 மார்க் கேள்வி, "எப்ப வருவீங்க?" என்பதுதான். காலை பத்து மணிக்கு வருகிறேன் என்று ஒரு மெக்கானிக் சொன்னால், கேட்கிறவர் அரைநாள் லீவு போட்டுக் காத்திருப்பார். சாயங்காலம் வரை ஆள் வராது. போன் போட்டால், "கிளம்பிட்டேன் சார், பாலத்துகிட்ட வந்துட்டேன்." காவிரிப் பாலமும் என்ன செய்யும், பாவம்!

நான் மணி சொல்வதில்லை. காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளைதான். ஒரு வீட்டில் வேலை இழுத்துவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் கேட்பதற்கு முன் நானே கூப்பிடுவேன். "மாமி, தில்லைநகர்ல பெரிய வேலையாப் போச்சு, இனிமே சாயங்காலம்தான் வர முடியும், பரவாயில்லையா?" என்றால் ஸ்ரீரங்கத்து மாமி, "சொன்னியே, அது போதும்" என்பார். நான் கூப்பிடாமல் அவர் கூப்பிட்டிருந்தால் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும். அக்னி நட்சத்திரத்தில் ஆள் இல்லாவிட்டால், "நாளை மறுநாள்தான் முடியும், அவசரம்னா வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிடுவேன். சிலர் போய்விடுவார்கள். போகட்டும்.

போனிலேயே தீர்கிற புகார்களும் உண்டு. "கூலிங்கே இல்லை" என்பார். "ரிமோட்ல என்ன படம் தெரியுது? பனிப்பூ மாதிரியா, ஃபேன் மாதிரியா?" என்று கேட்பேன். ஃபேன் என்பார். மோட் பட்டனை அழுத்தச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் குளிர்ந்துவிடும். விசிட் சார்ஜ் போச்சே என்று பையன்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் அந்த வீட்டு ஏ.சி. நிஜமாகவே பழுதாகும் நாளில் போன் யாருக்கு வரும் என்று அவர்களுக்கும் தெரியும்.

காசு விஷயத்தையும் போனிலேயே சொல்லிவிட வேண்டும். வந்து பார்க்க இவ்வளவு, வாட்டர் சர்வீஸுக்கு இவ்வளவு, பார்ட்ஸ் தனி. 2014இல் அர்பன்கிளாப் என்று தொடங்கி 2020இல் பெயர் மாற்றிய அர்பன் கம்பெனி பெருநகரங்களில் வீடுகளுக்குள் நுழைந்ததற்கு, கட்டணத்தை முன்கூட்டியே ஆப்பில் காட்டியதும் ஒரு காரணம். அதற்கு ஆப் தேவையில்லை. எங்கள் ரேட் கார்டை வாட்ஸ்அப் பிசினஸில் ஒரு படமாக வைத்திருக்கிறேன். கேட்டவருக்கு உடனே போய்விடும்.

நோட்டும் ஸ்டிக்கரும்

என் நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் சில வரிகள் உண்டு. என்ன கம்பெனி, எத்தனை டன், என்ன கேஸ், கடைசியாக என்ன செய்தோம். கூடவே, 'நாய் இருக்கு', 'சார் ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரை தூங்குவார்', 'மாடிப்படி குறுகல், பெரிய ஏணி போகாது'. புதிய பையன் போனாலும் நாயைக் கட்டச் சொல்லிவிட்டுத்தான் கேட்டைத் திறப்பான். தெரிந்த கடை என்கிற எண்ணம் அங்கே உண்டாகிறது.

மாசி மாதத்தில் இந்த நோட்டைப் பார்த்து ஒரு செய்தி அனுப்புவேன்: போன வருஷம் எப்போது சர்வீஸ் செய்தோம், வெயில் வருவதற்குள் செய்துகொண்டால் காத்திருக்க வேண்டாம். அந்த ஒன்றோடு சரி. குட்மார்னிங் படம், பண்டிகை வாழ்த்து, ஆஃபர் என்று தினமும் அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள். அப்புறம் மாசியில் அனுப்புவதும் போய்ச் சேராது. ஐப்பசி, கார்த்திகையில் போன் அடிக்காது, ஆனால் பையன்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். கிளினிக், ஹாஸ்டல், ஆபீஸ் என்று ஏறி இறங்கி வருஷ ஒப்பந்தம் பேசுவது அந்த மாதங்களில்தான்.

எங்கள் விளம்பரங்களிலேயே மலிவானது, சர்வீஸ் தேதியும் போன் நம்பரும் எழுதி இண்டோர் யூனிட்டின் ஓரத்தில் ஒட்டுகிற ஸ்டிக்கர். ஏ.சி. நின்றுபோனதும் மனிதர் முதலில் அண்ணாந்து பார்ப்பது அங்கேதான். இணையத்தில் கஸ்டமர் கேர் நம்பர் தேடி, போலி நம்பரில் மாட்டிக்கொள்ளும் ஆபத்திலிருந்தும் அவர் தப்பிக்கிறார்.

கூகுள் மேப்பில் கடையைப் பதிவது இலவசம். கடை திறக்கும் நேரமும் நம்பரும் சரியாக இருந்தால் போதும். ரிவ்யூவை, அறை குளிர்ந்து வீட்டுக்காரர் முகம் மலர்ந்திருக்கும்போது கேட்டால் எழுதுவார். சொந்தக்காரர்களை வைத்து ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொள்ளும் வழக்கம் வேண்டாம். இணைய விமர்சனங்களுக்கென்றே 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டிருக்கிறது. அது இருக்கட்டும், எல்லாரும் புகழ்கிற கடையை நம் ஜனங்களே நம்புவதில்லை. யாராவது குறை எழுதியிருந்தால் அதற்குக் கடைக்காரர் என்ன பதில் சொல்லியிருக்கிறார் என்றுதான் பார்க்கிறார்கள்.

திரும்பி வருகிற புகார்

"போன வாரம்தான் சர்வீஸ் பண்ணீங்க, இப்ப தண்ணி சொட்டுது" என்று வரும் போன்தான் கடைக்குப் பரீட்சை. புது வேலையில் காசு வரும், இதில் வராது. பையன்கள் தள்ளிப்போடப் பார்ப்பார்கள். அதைக் கோபித்துப் பயனில்லை. திரும்பப் போகிற வேலைக்கும் பெட்ரோலும் ஒரு தொகையும் கடையிலிருந்து கொடுக்கிறோம். அதன்பிறகு அந்த வீட்டுக்குத்தான் முதலில் போகிறார்கள். ஊழியருக்கு நஷ்டம் வருகிற மாதிரி ஏற்பாட்டை வைத்துக்கொண்டு அவரிடம் நல்ல சேவையை எதிர்பார்க்கக் கூடாது.

சட்டமும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, சேவைக்குப் பில் தராததையே முறையற்ற வணிகம் என்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன் போட்டே புகாரைப் பதியலாம். சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. அதைக் காரணம் காட்டிப் பலர் பில்லே தருவதில்லை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. சாதாரணத் தாளில் தேதி, செய்த வேலை, மாற்றிய பொருள், வாங்கிய தொகை எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுவும் பில்தான். வாய்த்தகராறில் கடைக்காரரைக் காப்பாற்றுவதும் அதுதான்.

கடை வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே: அடுத்த நோட்டீஸ் அடிக்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் ஒரு எடை மெஷினும் ஒரு பில் புத்தகமும் வாங்குங்கள். வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. "கேஸ் போடணும்" என்று யார் சொன்னாலும், நாங்களாகவே இருந்தாலும், "எங்கே லீக், எத்தனை கிராம்?" என்று கேளுங்கள். பதில் சொல்கிறவரிடம் வேலையைக் கொடுங்கள். முகம் சுளிக்கிறவரை அனுப்பிவிடுங்கள்.