சோலார் போட்டால் போல்ட்டுக்குக் கார்பன் வரி குறையுமா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரிக்காக (CBAM), 2026-ஆம் ஆண்டில் அங்கே இறங்கும் இரும்பு, அலுமினியப் பொருள்களின் கார்பன் கணக்கை இறக்குமதியாளர்கள் 2027 செப்டம்பர் 30-க்குள் ஒப்படைக்க வேண்டும். கெடு அவர்களுக்கு என்றாலும் உமிழ்வு எண் போக வேண்டியது இந்தியாவில் பொருளைச் செய்பவரிடமிருந்து. அதனால்தான் போல்ட், நட் செய்யும் சிறு நிறுவனத்தார் பலர் எழுதுகிறார்கள்: ‘தொழிலைப் பசுமையாக்க யாரிடம் உதவி கேட்பது? கூரையில் சோலார் போட்டால் இந்த வரி குறையும் என்கிறார்களே, நிஜமா?’

குறையாது. மின் கட்டணத்துக்காக சோலார் போடலாம், நல்லதுதான். ஆனால் இரும்பு, எஃகுப் பொருள்களுக்கு இந்த வரி நேரடி உமிழ்வை மட்டுமே பார்க்கிறது. வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வு கணக்கிலேயே வருவதில்லை. இதைச் சொல்லாமல் ‘ஐரோப்பிய வரிக்குத் தீர்வு’ என்று சோலார் விற்பவரை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

பிறகு எதுதான் கணக்கில் வருகிறது? போல்ட் பட்டறையில் நேரடியாக எரிவது பெரும்பாலும் ஹீட் ட்ரீட்மென்ட் உலையின் எரிவாயு அல்லது எண்ணெய்தான். ஆனால் போல்ட்டின் கார்பன் எண்ணில் பெரும்பகுதி வயர் ராடோடு வாசலுக்கு வந்துவிடுகிறது. பழைய இரும்பை மின் உலையில் உருக்கிய எஃகானால் அந்த எண் மிகக் குறைவு. நிலக்கரியில் செய்த ஸ்பாஞ்ச் இரும்பிலிருந்து வந்ததானால் பல மடங்கு. பட்டறையில் ஒரு இயந்திரத்தைக்கூட மாற்றாமல், வயர் வாங்கும் மில்லை மாற்றினாலே போல்ட்டின் கார்பன் எண் சரிந்துவிடும்.

என்னை உறுத்துவது இதற்கடுத்த விதி. உண்மையான எண்ணைக் காட்ட முடியாவிட்டால், நாட்டுவாரியாக ஐரோப்பிய ஆணையம் வைத்திருக்கும் இயல்பு மதிப்பு போடப்படும். அதற்கு மேல் 2026-இல் 10 சதவீதம், 2027-இல் 20, 2028 முதல் 30 சதவீதம் கூடுதலாகச் சேரும். நீங்கள் பழைய இரும்பில் செய்த வயரையே வாங்கியிருக்கலாம். ஆனால் ஸ்டாக்கிஸ்ட் கொடுத்த பில்லில் ஹீட் நம்பர் (எஃகை உருக்கிய தொகுதியின் எண்) இல்லை, மில் பெயர் இல்லை என்றால், நிலக்கரி எஃகு வாங்கியவரோடு சேர்த்தே எடைபோடப்படுவீர்கள். நிரூபிக்க வேண்டியவர் சிறியவர், நிரூபணமோ பெரிய மில்லின் கோப்பில். மாதம் சில டன் வாங்குபவரின் கடிதத்துக்கு மில்கள் எளிதில் பதில் எழுதுவதில்லை. எனவே முதல் உதவியைத் தேட வேண்டிய இடம் உங்கள் தொழில்முனைவோர் சங்கம்: பல பட்டறைகளின் கொள்முதலைச் சேர்த்துக் காட்டி ஒரே கடிதமாகக் கேட்டால்தான் மில் அசையும்.

அரசின் முத்திரைகளை இங்கே கவனமாகப் படிக்க வேண்டும். 2024 டிசம்பரில் எஃகு அமைச்சகம் வகுத்த ‘பசுமை எஃகு’ வரையறைப்படி, ஒரு டன் எஃகுக்கு 2.2 டன்னுக்குக் குறைவாகக் கார்பன் டை ஆக்சைடு உமிழ்ந்தால் அது பசுமை; உமிழ்வு குறையக் குறைய நட்சத்திரங்கள் கூடும். உலகச் சராசரியே ஏறத்தாழ 1.9 டன். அந்த நட்சத்திரங்கள் ஐரோப்பியக் கணக்கில் எண்ணாகாது.

குறைபாடும் சூழல் கேடும் இல்லாத உற்பத்திக்கு அரசு தரும் இசட்இடி (ZED) சான்றிதழுக்குக் குறு நிறுவனங்களுக்கு 80 சதவீதமும் சிறு நிறுவனங்களுக்கு 60 சதவீதமும் கட்டண மானியம் உண்டு. தரத்துக்கும் கழிவைக் குறைக்கவும் உதவும், வரிக்கு உதவாது. எரிசக்தித் திறன் அலுவலகத்தின் அடீட்டி திட்டம் ஃபோர்ஜிங், பவுண்டரி உட்பட 14 துறைகளில் குறு, சிறு நிறுவனங்களின் கடனுக்கு 5 சதவீத வட்டிச் சலுகை தருகிறது. எரிபொருளை விழுங்கும் பழைய உலையை மாற்ற அதைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் நேரடி உமிழ்வு குறைவது அங்கேதான்.

மற்ற கேள்விகள்:

50 டன் விலக்கு எனக்கு உண்டா? அது உங்கள் ஏற்றுமதி அளவல்ல, வாங்குபவர் ஓராண்டில் எல்லோரிடமிருந்தும் இறக்குமதி செய்யும் வரிக்குட்பட்ட பொருள்களின் மொத்தம்; அது 50 டன்னைத் தாண்டாவிட்டால்தான் விலக்கு.

கன்சல்டன்ட் அவசியமா? கணக்குப் படிவம் ஐரோப்பிய ஆணையத்திடம் இலவசம். ஆனால் உண்மை எண்ணுக்கு அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளரின் ஒப்புதல் வேண்டும்.

பம்பு, மோட்டார்? இப்போதைய பட்டியலில் இல்லை.

இந்தச் சுமை ஏறுமா? ஏறும். ஐரோப்பிய ஆலைகள் பெறும் இலவச உமிழ்வு ஒதுக்கீட்டுக்கு ஈடாக இப்போது கிடைக்கும் தள்ளுபடி ஆண்டுதோறும் சுருங்கி 2034-இல் நின்றுவிடும்.

அடுத்த வயர் ராட் ஆர்டரிலேயே மில் பெயர், ஹீட் நம்பர், சரிபார்த்த உமிழ்வு எண் மூன்றையும் நிபந்தனையாக எழுதுங்கள். தர மறுக்கும் மில்களின் பெயரைச் சங்கத்திடம் கொடுங்கள்.