எட்டு விநாடி
(மட்டையும் மனிதரும் – 9)

போன வாரம் ஹாக்கியில் டிராக் ஃப்ளிக் அடிப்பவர்களின் இடுப்பும் முதுகும் படுகிற பாட்டைப் பார்த்தோம். இந்த வாரம் இன்னும் கொஞ்சம் மேலே ஏறி, தலைக்குள் போகலாம்.

2023 ஜனவரி 22, புவனேஸ்வர் கலிங்கா ஸ்டேடியம். ஹாக்கி உலகக் கோப்பைக் கால் இறுதிக்குப் போக இந்தியா நியூசிலாந்தைத் தாண்டினால் போதும். முதலில் 2-0, பிறகு 3-1 என்று நாம்தான் முன்னால் இருந்தோம். ஆட்டம் 3-3 என்று முடிந்தது. ஷூட்-அவுட்டில் 5-4 என்று தோற்று, நம் ஊர்க் கூட்டத்தின் முன்னாலேயே வெளியேறினோம். ஓட்டத்திலோ ஸ்டிக் வேலையிலோ நியூசிலாந்துக்கு நாம் இளைத்த அணி இல்லை. தோல்விக்குப் பிறகு பதவி விலகிய பயிற்சியாளர் கிரஹாம் ரீட், இந்த அணிக்கு ஒரு மெண்டல் கோச் வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அந்த ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்தவர் தென்னாப்பிரிக்காவின் பேடி அப்டன். கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரிந்த பெயர். 2011 உலகக் கோப்பையை தோனி அணி வென்றபோது பயிற்சியாளர் கேரி கிர்ஸ்டனோடு கூட இருந்தவர். பிற்பாடு 2024இல் சிங்கப்பூரில் நம்ம சென்னைப் பையன் குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனபோதும் பின்னால் இருந்தவர்.

மெண்டல் கோச் என்றால் இடைவேளையில் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் நுழைந்து, ரத்தம் கொதிக்கும்படி வசனம் பேசுகிறவர் என்ற எண்ணம் நமக்கு. ‘சக் தே இந்தியா’, ‘பிகில்’ படங்கள் செய்த வேலை. அசல் வேலை இவ்வளவு சத்தமாக நடப்பதில்லை. ஷூட்-அவுட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் அது புரியும்.

பந்து 23 மீட்டர் கோட்டில் இருக்கிறது. எதிரே கோல் கீப்பர் மட்டும். விசில் ஊதியதும் எட்டு விநாடிக்குள் கோல் போட வேண்டும். ஊதின கையோடு கீப்பர் பாய்ந்து முன்னால் வருகிறார். மூன்று விநாடியில் நம் ஆள் அவர் முகத்துக்கு நேரே நிற்பார். வலப்பக்கம் இழுப்பதா, திரும்பிப் பின்மட்டையால் தட்டுவதா, காலுக்கிடையில் விடுவதா? பயிற்சியில் ஆயிரம் தடவை செய்ததுதான். அங்கே யோசிக்கவே வேண்டியிருக்காது. கை தானாகச் செய்யும்.

சிக்கலே அந்தத் ‘தானாக’வில்தான் இருக்கிறது. தினமும் விடிகாலையில் பேச்சும் பராக்குமாகக் கோலம் போடுகிற அம்மா, விருந்தாளி ஒருவர் பக்கத்தில் நின்று உற்றுப் பார்த்தால் புள்ளியை எண்ண ஆரம்பிப்பார். எண்ணினால் தப்பும். பழகிய கைவேலையை மூளை கூடவே நின்று மேற்பார்வை பார்க்கும்போது கை தடுமாறுகிறது. ‘இதை விட்டால் என்ன ஆகும்’ என்ற நினைப்பு வந்ததும் ஆட்டக்காரர் தன் மணிக்கட்டைத் தானே கவனிக்கத் தொடங்கிவிடுவார். எட்டு விநாடியில் இரண்டு அதற்கே போய்விடும்.

எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் ஒருவர் எல்லைக்கோட்டில் நின்று, “டேய், டென்ஷன் ஆகாதடா!” என்று அடித்தொண்டையில் கத்துவார். அதுவரை சாதாரணமாக நின்றிருந்தவனுக்கும் அப்போதுதான் வயிறு கலங்கும். பதற்றப்படாதே என்று சொல்வது, குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்று சொன்ன கதை.

அதனால் மெண்டல் கோச்சுகள் நினைப்பைத் துரத்தச் சொல்வதில்லை. கவனத்துக்கு வேறொரு வேலை கொடுக்கிறார்கள். கோட்டுக்கு வந்ததும் செய்வதற்கு ஒரு சின்னச் சடங்கு. கையுறையைச் சரிசெய், ஸ்டிக்கை டர்ஃபில் ஒருமுறை தட்டு, மூச்சை இழுத்ததைவிட நீளமாக வெளியே விடு. மூச்சு நீளமாக வெளியேறினால் இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்குகிறது. இது வெறும் உடம்பு விஷயம், தத்துவம் ஒன்றுமில்லை. பிறகு மனசுக்குள் ஒரே ஒரு சொல், ‘பந்து’ என்றோ ‘தோள்’ என்றோ. கோல் விழுமா, பதக்கம் கிடைக்குமா என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கட்டும். இதையும் டிராக் ஃப்ளிக் மாதிரி தினமும் பழக வேண்டும். ஃபைனலுக்கு முதல் நாள் கற்றுக்கொண்டால் வேலைக்கு ஆகாது.

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் 2023 ஆகஸ்ட் 12 அன்று நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஃபைனல் நினைவிருக்கிறதா? பாதி ஆட்டத்தில் மலேசியா 3-1 என்று முன்னால். அப்டன் வந்து மிஞ்சிப்போனால் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, அதற்குள் எல்லாம் அவரால்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்று இந்தியா அவசரப்படவில்லை. 45ஆவது நிமிடத்தில் அடுத்தடுத்து இரண்டு கோல், 56இல் ஆகாஷ்தீப் சிங் இன்னொன்று. 4-3.

அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு முன்னால் அணியை ஆல்ப்ஸ் மலைக்குக் கூட்டிப்போனார்கள். மைக் ஹார்ன் என்ற சாகசப் பயணியோடு மூன்று நாள். எனக்கு இந்த மலையேற்ற வைத்தியத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. பனியில் நடந்தவன் பெனால்டி கார்னரில் பதறமாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஆள் குறைந்தால் எப்படி நிற்பது என்று டர்ஃபிலேயே ஆடிப் பார்க்கிறார்களே, அதைத்தான் நம்புவேன். பச்சை அட்டைக்கு இரண்டு நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது ஐந்து நிமிடம் என்று ஹாக்கியில் ஆள் குறைவது அன்றாடச் சங்கதி.

பாரிஸில் ஆகஸ்ட் 4, பிரிட்டனோடு கால் இறுதி. 17ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி 43 நிமிடமும் பத்துப் பேர்தான். அம்பயரோடு மல்லுக்கு நின்றே பாதி மனசைத் தொலைத்திருக்கலாம். தொலைக்கவில்லை. ஐந்தே நிமிடத்தில் கேப்டன் ஹர்மன்பிரீத் கோல் போட்டார். பிரிட்டன் சமன் செய்தது. அதோடு சரி, 1-1. மறுபடி ஷூட்-அவுட், மறுபடி அதே எட்டு விநாடி. இந்தியாவின் நான்கு பேரும் போட்டார்கள். பிரிட்டனின் மூன்றாவது ஆள் வெளியே அடித்தார், நான்காவதை நம் கோல் கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தார். 4-2.

இரண்டு நாள் கழித்து அரை இறுதியில் ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனப் பயிற்சி மந்திரக்கோல் இல்லை. அதற்கும் இரண்டு நாள் கழித்து ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலத்தோடு வந்தார்கள். தோற்ற 48 மணி நேரத்துக்குள் எழுந்து வந்து ஆடியதுதான், என்னைக் கேட்டால், பிரிட்டன் ஆட்டத்தைவிடப் பெரிய காரியம்.

கோவில்பட்டியிலோ அரியலூரிலோ உங்கள் பிள்ளை ஸ்டிக்கோடு கோட்டில் நிற்கும்போது நீங்கள் வெளியே நின்றால், தயவுசெய்து “பயப்படாதே” என்று கத்தாதீர்கள். எதையாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால், “மூச்சை விடு கண்ணு” என்று மட்டும் சொல்லுங்கள்.

(தொடரும்)