தண்ணீர்ப் பந்தலுக்கு ஏற்ற மின்னாக்கி

தைப்பூசத்தின்போது பினாங்கிலும் பத்துமலையிலும் தண்ணீர்ப் பந்தல் அமைக்கும் மெய்யன்பர்கள், மின்னாக்கி வாங்குமுன் எத்தனை வாட் தேவை என்று கணக்கிட வேண்டும். 10 வாட் எல்.இ.டி. விளக்குகள் இருபதுக்கு 200 வாட் போதும். ஒலிபெருக்கிக்கு மேலும் சில நூறு. ஆனால் குளிர்ப்பெட்டி இயங்கத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிட மூன்று மடங்கு இழுக்கும். மின்சாரக் கெண்டியோ வேண்டவே வேண்டாம். அது ஒன்றே 2,000 வாட்டை விழுங்கிவிடும். தண்ணீரை அடுப்பிலேயே காய்ச்சலாம்.

இன்வெர்ட்டர் வகை, சுமைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சத்தம் குறைவு, பஜனையும் காதில் விழும். பெட்ரோல், சமையல் எரிவாயு இரண்டிலும் ஓடுவதாக இருந்தால், நள்ளிரவில் பெட்ரோல் தீர்ந்தாலும் அன்னதானத்துக்கு வைத்த கேஸ் தோம்பு கைகொடுக்கும். எரிவாயுவில் ஆற்றல் சுமார் 10 விழுக்காடு குறையும். அதையும் கணக்கில் சேருங்கள்.

புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிப்பது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழை வந்ததும் மின்னாக்கியைப் பந்தலுக்குள் இழுக்கத் தோன்றும், கூடவே கூடாது. பந்தலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, தனிக் கூரையின்கீழ், புகைக்குழாய் ஆட்கள் இல்லாத பக்கம் நோக்க வையுங்கள். பந்தலின் பின்புறம் குழந்தைகள் உறங்குவார்கள் என்பதால் அந்தப் பக்கமும் ஆகாது.